நான் பிடுங்கிய டிசம்பர் பூச்செடி

ஒக்கலிபுரம்
நவம்பர் 23

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், பெர்த்தில் உங்கள் இருவருக்கும் ஒரு நோயும் வரக்கூடாது என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறாள். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, பொம்மசந்திரா கம்பெனிக்கு வாரம் மூன்று நாள் மட்டும் போய்வருகிறேன். வாரா வாரம் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பொய்தான் வருகிறது கண்ணு, அதனால் எழுதுகிறேன்.

குழாய்க்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நீ வைத்த டிசம்பர் பூச்செடி இப்போது இல்லை. நீயும் க்ளெனும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட அன்று மத்தியானம் நான்தான் அதை வேரோடு பிடுங்கினேன். வேறு மதத்துப் பையனா என்று காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள், பதில் சொல்லத் தெரியாத கோபத்தை அதன்மேல் காட்டினேன். செடி முழுக்க ஊதாப்பூ. அம்மா, "அது உங்கள என்னா பண்ணிச்சு?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அப்புறம் பூக்காரம்மா வலியக் கொடுத்தாலும் அவள் டிசம்பர் பூ வைப்பதில்லை. நீ பெர்த்துக்குப் போனபிறகு போன் செய்யும்போதெல்லாம் செடி எப்படி இருக்கிறது என்று கேட்பாய், நல்லா இருக்குதும்மா என்பேன். போன வருஷம் போட்டோ கேட்டாயே, பக்கத்து வீட்டு முத்தம்மாவின் செடியைச் சுவருக்கு மேலே கையை நீட்டி எடுத்து அனுப்பினேன். எவ்ளோ அடர்த்தியா வளர்ந்துச்சுப்பா என்று நீ சந்தோஷமாக எழுதியதை அம்மா சத்தமாகப் படித்தாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டேன்.

இந்த ஜூனில் நீ டிசம்பரில் வருவதாகச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நர்சரியில் ஒன்று வாங்கிவந்து வைக்கலாம் என்று கிளம்பினேன். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள், "விஜி குட்த்த கிளை ஒண்ணு க்ளென் வீட்டுல வளந்து நிக்குது. அங்க போய்க் கேளுங்க. கேக்க வெக்கமா இருந்தா இன்னும் நல்லது" என்றாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு, க்ளென் வீட்டுக்குப் போகக் குக் டவுன் பஸ் ஏறினேன். கல்யாணத்துக்கு அழைக்க வந்த உன் மாமனார் டிரேவரை நான் கேட் திறக்காமல் திருப்பி அனுப்பியது உனக்குத் தெரியும். அவரோ என்னைப் பார்த்ததும், "இளங்கோ சார், ஏன் வெளியவே நிக்கிறீங்க, மழை வருது பாருங்க, உள்ள வாங்க" என்றார். பிடுங்கியதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துவந்து பென்சில் கனத்தில் ஆறு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். "எல்லாம் வேர் பிடிக்காது சார், அதுக்குத்தான் ஆறு" என்றார். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கணு மண்ணுக்குள் போகும்படி செம்மண்ணும் எருவும் கலந்த கவரில் நட்டேன். நான்கு அழுகிப்போனது, தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன். இரண்டு பிழைத்தது. இரண்டையும் பழைய இடத்திலேயே தரையில் வைத்தேன், இப்போது இடுப்புக்குக் கீழே நிற்கிறது, போன செவ்வாய்க்கிழமை ஐந்து பூ.

நீ வந்து பார்த்தால் பழைய செடிதான், அப்பா வெட்டிக் கவாத்து செய்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வாய். அப்படியே விட்டுவிடலாமே என்று இரண்டு நாள் எனக்கும் ஆசைதான். ஆனால் உன் பூவைப் பறிக்க நீ குனியும்போது பின்னால் நின்று வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது. செடியை மட்டும் பிடுங்கவில்லை, அன்றைக்கு உன்னை வாழ்த்தாமலும் விட்டேன். நீ கோபப்பட்டால் நியாயம், வந்து நேரிலேயே திட்டு.

பிளைட்டில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள், அங்கே வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. நீங்கள் இருவரும் எல்லாச் சுகமும் பெற்று நீண்ட நாள் வாழவேண்டும், தாமதமாகச் சொன்னாலும் மனசாரச் சொல்கிறேன். ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைக் க்ளெனிடம் கொடு. மூன்று வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, என்ன பேசுவது என்று இப்போதும் தெரியவில்லை, கொடு.

உன் அப்பா,
இளங்கோவன்