சட்டப்படி இருமுகிறேன்

லப்பைக்குடிக்காடு
12.1.2025

மகள் இஃப்பத்துக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்றிலிருந்து ஒன்பது தடவை போன் செய்துவிட்டாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. சவுதியில், தம்மாமில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் உன்னோடு கடிதத்தில்தான் பேசினேன். இதையும் அப்படியே பேசி முடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டிவியில் உன்னைப் பார்த்தோம். மின் சிகரெட் மேல் இருக்கிற தடையை நீக்கலாமா கூடாதா என்று விவாதம். 'டாக்டர் இஃப்பத், நுரையீரல் நிபுணர், அரியலூர்' என்று கீழே உன் பெயர் ஓடியதும் உன் அம்மா தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டாள். அந்தக் கட்சிக்காரர் ஒன்று சொன்னார், இந்தக் கட்சிக்காரர் ஒன்று சொன்னார். அப்புறம் நீ வாயைத் திறந்தாய்.

"சிகரெட்ட விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டு இத ஊதுறவங்க, தங்களையே ஏமாத்திக்கிறாங்க. எங்க வீட்டுலயே அப்படி ஒருத்தர் இருக்காரு."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் அம்மா ரிமோட்டைத் தேடினாள். மறுநாள் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருக்கும்போது அப்துல் சலாம், "என்ன தாஜுதீன், மவளே ஒன்ன மாட்டி வுட்டுருச்சே" என்று சொல்லிச் சிரிக்கிறான். அறுபத்து நாலு வயசில் எனக்கு இது தேவையா?

முப்பத்தெட்டு வருஷம் சிகரெட் குடித்தவன் நான். நீதான் மாத்திரை கொடுத்தாய், சூயிங்கம் கொடுத்தாய், தோளில் பிளாஸ்டர் ஒட்டினாய். எதிலும் நிற்கவில்லை. உன் தம்பி சஃப்வான் 2021-இல் துபாயிலிருந்து வேப் என்கிற அந்த மின் சிகரெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அதற்கப்புறம் ஒரு சிகரெட் தொட்டதில்லை. இருமல் போனது. தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்தால் மூச்சு முட்டாமல் எழுந்திருக்கிறேன். இதுவா என்னையே நான் ஏமாற்றிக்கொள்வது?

ஒன்று கேட்கிறேன். தடை போட்டார்களே, சிகரெட்டை ஏன் விட்டுவைத்தார்கள்? வரி கட்டுகிற விஷம் நல்ல விஷம், வரி கட்டாத விஷம் கெட்ட விஷம், அவ்வளவுதானே? உன் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் சிகரெட்டைச் சில்லறையாக விற்கிறான். அதை டிவியில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பெற்ற அத்தாவைச் சொல்ல வந்தது.

அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அத்தா

~

அரியலூர்
17.1.2025

அன்புள்ள அத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

'எங்கள் வீட்டிலேயே ஒருவர்' என்று சொன்னது தப்பு. ஸ்டூடியோவில் அந்தக் கட்சிக்காரர் "ஒங்களுக்கெல்லாம் நடைமுறை தெரியாது டாக்டரம்மா" என்று இளக்காரமாகச் சொன்னதும் ரோஷத்தில் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு மன்னித்துவிடுங்கள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

சிகரெட்டைவிட இதில் கேடு குறைவு என்று சொல்லும் ஆய்வுகளை நானும் படித்திருக்கிறேன். உங்களுக்கு இருமல் போனதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் உங்கள் நெஞ்சை மட்டும் பார்க்கிறீர்கள். நான் ஒரு நாளைக்கு நூறு நெஞ்சைப் பார்க்கிறேன். டிசம்பரில் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, பெரம்பலூர்ப் பக்கம் காலேஜில் படிக்கிறவள். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஹாஸ்டலில் மாம்பழ வாசனை வருகிறதென்று விளையாட்டாக ஆரம்பித்து, நாலு மாதமாகத் தினமும் ஊதியிருக்கிறாள். இரண்டு நுரையீரலும் வெள்ளை வெளேரென்று எக்ஸ்ரேயில் வந்தது. பதினேழு நாள் மெஷினில் மூச்சு விட்டாள். பிழைத்துவிட்டாள். ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டிலிருந்து வெளியே வந்தீர்கள். அவள் எதிலிருந்து வெளியே வந்தாள், சொல்லுங்கள்? ஒரு விஷத்துக்குக் கடை இருக்கிறது என்பதற்காக இன்னொரு விஷத்துக்கும் கடை வைக்கச் சொல்வீர்களா? பெட்டிக்கடையை மூடச் சொல்லுங்கள், உங்களோடு சேர்ந்து வந்து நிற்கிறேன்.

அவளுடைய கேஸை முறைப்படி போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே வாங்கினாள், யார் கொண்டு வந்தது என்று கண்டுபிடிக்கட்டும்.

கோபம் தணிந்ததும் ஒரு நாள் வாருங்கள். உங்கள் நுரையீரலையும் ஒரு முறை பார்த்துவிடலாம். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்
இஃப்பத்

~

லப்பைக்குடிக்காடு
6.2.2025

இஃப்பத்துக்கு,

கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தோஷமா?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. பெரம்பலூரில் செல்போன் கவர் விற்கிற கடைக்காரன் ஒருவன், பிடிபட்டதும் சஃப்வான் பெயரைச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்குள் வந்து தேடினார்கள். என் அலமாரியில் இருந்த பையை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு வந்திருந்த சஃப்வானை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவன் துபாய் போயாக வேண்டும்.

நம் வீட்டுக்குள் போலீஸ் செருப்போடு வந்தது இதுதான் முதல் தடவை. உன் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பையில் இருந்தது எனக்கு வேண்டிய இரண்டு வேப், அதில் ஊற்றுகிற மருந்து ஒரு பத்துக் குப்பி. என் சொந்த உபயோகம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். "அய்யா, ஒங்க பொண்ணு டாக்டராமே. சிகரெட்ட விடுறதுக்காக எங்கப்பா வெச்சிருந்தாருன்னு அவங்க ஒரு லெட்டர் குடுத்தா கேஸ் கொஞ்சம் லேசாகும்" என்றார்.

உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மகனுக்காகக் கேட்கிறேன். ஒரு லெட்டர். நாலு வரி. உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அத்தா

~

அரியலூர்
11.2.2025

அத்தாவுக்கு,

லெட்டரை எழுதி, கையெழுத்தும் போட்டு, எடுத்துக்கொண்டு நேற்று ஸ்டேஷனுக்கே போனேன். பையில் இருந்தவற்றின் பட்டியலை இன்ஸ்பெக்டர் காட்டினார். படித்துவிட்டு என் லெட்டரை அவர் மேசையிலேயே கிழித்துப் போட்டேன்.

இருநூற்று நாற்பது. இரண்டு வேப் இல்லை, அத்தா. இருநூற்று நாற்பது. உங்களுடைய இரண்டு போக எல்லாம் ஊதிவிட்டுத் தூக்கிப் போடுகிற ரகம். மாம்பழம், தர்பூசணி, பபிள்கம். முப்பத்தெட்டு வருஷம் சிகரெட் குடித்தவர் பபிள்கம் வாசனையிலா விடுகிறார்?

அது உங்கள் அலமாரி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர் நீங்கள். அம்மாகூடத் திறந்ததில்லை. உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பை அங்கே எப்படி வந்தது?

என் நோயாளி வாங்கியது அதே செல்போன் கடையில். அதே மாம்பழம். அவளுடைய கேஸை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அது சுற்றி வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறது. பதினேழு நாள் அவள் கட்டில் பக்கத்தில் நின்றபோதெல்லாம், இதை விற்றவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விற்றவன் என் தம்பி. பூட்டி வைத்துக் கொடுத்தவர் நீங்கள்.

ஒரே ஒரு கேள்வி. தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

இஃப்பத்

~

லப்பைக்குடிக்காடு
16.2.2025

இஃப்பத்துக்கு,

தெரியும்.

இப்போது நான் சொல்வதையும் கேள். துபாயில் சஃப்வானுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை. "அக்காட்ட சொல்லாதீங்கத்தா, எளக்காரமாப் பாக்கும்" என்றான். அங்கே இதைக் கடையில் வெளிப்படையாக அடுக்கி வைத்து விற்கிறார்கள். அவன் நாலைந்து தடவை கொண்டுவந்தான். பெரியவர்கள் வாங்குகிறார்கள் என்றுதான் என்னிடம் சொன்னான். நான் வாசனைப் பெயரையெல்லாம் படித்துப் பார்க்கவில்லை. படிக்க விரும்பவில்லை என்றும் வைத்துக்கொள்.

ஆனால் உன் சட்டமும் இதில் பங்காளிதான். தடை இல்லாமல் லைசென்ஸ் கொடுத்து விற்றிருந்தால், வயசு பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று சோதித்து விற்றிருப்பான். தடை போட்டதால் செல்போன் கவருக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிறான். வாசலைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறத்தை யார் பார்ப்பது? அந்த டிவியில் இதை ஒருவராவது கேட்டார்களா?

இன்னொன்றும் தெரிந்துகொள். என் வேப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் முக்குக் கடையில் சிகரெட் வாங்கினேன். பட்டப்பகலில், போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்க, பற்ற வைத்தேன். அவர் எனக்குத் தீப்பெட்டி நீட்டினார். இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து ஆகிறது. இருமல் திரும்ப வந்துவிட்டது. யாரும் கேஸ் போடவில்லை. சட்டப்படி இருமுகிறேன்.

லெட்டர் கொடுக்க மாட்டாய் என்றால் இந்த வீட்டுப் பக்கம் வராதே. நோன்புக்கும் வராதே, பெருநாளைக்கும் வராதே.

அத்தா

~

அரியலூர்
24.2.2025

அத்தாவுக்கு,

வரவில்லை.

இன்று போலீசில் வாக்குமூலம் கொடுத்தேன். நோயாளிக்கு என்ன ஆனது என்று டாக்டராகச் சொன்னேன். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். சஃப்வான் என் தம்பி, அவன் விற்பனைக்குத்தான் கொண்டுவந்தான் என்று சொன்னேன். உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை. அலமாரி யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு இடத்தில் நான் டாக்டராக இல்லை. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கூடவே இன்னொரு லெட்டரும் கொடுத்தேன். 'என் தகப்பனார் தாஜுதீன் 2021 முதல் சிகரெட்டை விட்டிருந்தது உண்மை, வேப் பிடித்துத்தான் விட்டார் என்பதும் உண்மை, கைப்பற்றியதில் இரண்டு அவருடையது, மற்றவை அல்ல' என்று. சஃப்வானுக்கு அதனால் ஒரு உதவியும் ஆகாது. உங்களைப் பற்றி ஊர் முன்னால் பாதியைச் சொன்னேன். மீதியையும் எங்காவது சொல்லியாக வேண்டியிருந்தது.

டிவிக்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். சிகரெட்டை ஏன் விட்டுவைத்தார்கள் என்று பேச விட்டால் வருகிறேன் என்றேன். "இன்னைக்கு டாப்பிக் அது இல்லீங்க மேடம்" என்றார் அந்தப் பையன். போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியில் நீங்கள் சொன்னது சரி. மற்றதில் எல்லாம் தப்பு. பதினைந்து சிகரெட்டை என்மேல் போடாதீர்கள். தடை உங்கள் கையில் சிகரெட்டைத் திணிக்கவில்லை. ஒரு போன் செய்திருந்தால் அன்றைக்கே காரில் வந்திருப்பேன். என்மேல் இருக்கிற வீம்பில் நீங்கள் பற்ற வைத்தீர்கள்.

அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அதையாவது திருப்பி அனுப்பாதீர்கள்.

இஃப்பத்

~

லப்பைக்குடிக்காடு
8.3.2025

இஃப்பத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். சஃப்வான் உன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறான். உன் அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அழுகிறாள்.

போன திங்கட்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் வைரக்கண்ணு, பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். உன் நோயாளியின் தகப்பன். போலீசில் பெயரும் ஊரும் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். "வேணாங்க பாய், நீங்க நோம்புல இருக்கீங்க" என்றார். சஃப்வான் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறான்.

அவர் சத்தமே போடவில்லை. "எம் பொண்ணு மெசினுல மூச்சு வுட்டப்ப, பக்கத்துலயே நின்னு காப்பாத்துனது ஒங்க பொண்ணுங்க. அந்தக் கருமத்த வித்தது ஒங்க பையனுங்க. ஒரே வூடு. நான் ஒங்களக் கையெடுத்துக் கும்புடணுமா, இல்ல காறித் துப்பணுமா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

தடை, வரி, லைசென்ஸ் என்று உனக்கு எழுதியதெல்லாம் அந்த வாசலில் எதற்கு உதவும்? "பை என் அலமாரியில தாங்க இருந்துச்சு. தெரிஞ்சுதான் வெச்சிருந்தேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப நீங்களுமா?" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள் சஃப்வானைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் வர மாட்டேன் என்றான். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இத்தனை தடவை கொண்டுவந்தேன், இன்னாரிடம் கொடுத்தேன் என்று அவன் எழுதிக் கொடுத்தான். அலமாரி என்னுடையது என்று நானும் எழுதிக் கொடுத்தேன். கேஸில் இப்போது என் பெயரும் இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டதை நானே சொல்லிவிட்டேன். எனக்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை.

இதனால் உன் கட்சிக்கு நான் வந்துவிட்டதாக நினைக்காதே. அந்தச் சட்டம் அரைகுறைச் சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், கோர்ட்டில் கேட்டால் அங்கேயும் சொல்வேன். டிவியில் நீ சொன்னதையும் நான் மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வராதே என்று நான் எழுதியது அப்படியே இருக்கட்டும்.

நோன்பு திறந்ததும் மற்றவர்கள் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கிறார்கள், நான் சிகரெட்டை எடுக்கிறேன். நேற்று இரவுத் தராவீஹ் தொழுகையில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அரியலூர் வருகிறேன். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரோடும் வரிசையில்தான் உட்காருவேன். ஆள் அனுப்பி முன்னால் கூப்பிடாதே. என் முறை வரும்போது அத்தா என்று கூப்பிடாதே, தாஜுதீன் என்று சீட்டில் இருப்பதைப் படித்துக் கூப்பிடு. உன்னோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மூச்சு வாங்குகிறது. அதை ஒரு டாக்டரிடம்தானே சொல்ல வேண்டும்.

தாஜுதீன்