பிறை ஒரு நாள் தள்ளினால்

நேரம் கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நெற்றியில் பச்சைப் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு, "அம்மா, நான் அழகா இருக்கேனா?" என்று கேட்டுக் கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். என் பொட்டு அட்டையிலிருந்து எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போனபோது தற்செயலாகக் காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரம் புதன்கிழமைக் கட்டத்தில் இருந்த பொட்டைக் காணோம். பங்குச் சந்தையின் பக்ரீத் விடுமுறை எங்கள் வீட்டில் ஒரு குழந்தையின் நெற்றிக்கு இடம் மாறியிருக்கிறது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அந்தப் பொட்டு உன் யோசனைதானே. நாம் இருவரும் சேர்ந்து பங்கு வாங்க ஆரம்பித்த முதல் வருஷம், சந்தை விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நான் காலண்டரில் பேனாவால் வட்டம் போடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"பேனால போடாதடி. எங்க பண்டிகைங்க பிறையப் பாத்து வர்றது. ஒரு நாள் தள்ளிச்சுன்னா அடிச்சு அடிச்சு எழுதுவியா? பொட்டு ஒட்டு. மாறினா பிச்சு அடுத்த கட்டத்துல ஒட்டிக்கலாம்."

மாறாத விடுமுறைக்குச் சிவப்பு, நிலாவைப் பொறுத்து மாறக்கூடியதற்குப் பச்சை. என் அட்டையிலிருந்து நீயே உரித்து உரித்து ஒட்டினாய். "நான் வெச்சுக்காத பொட்டையெல்லாம் உன் காலண்டர் வெச்சுக்கட்டும்" என்றாய். உன் அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் காலண்டருக்குக் கல்யாணம் பண்றீங்களா?" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தப் பட்டியலை நாம் படித்த மாதிரி வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். கணக்கில் புலியான நீ, பட்டியலைக் கையில் எடுத்தால் மட்டும் பாப்பாவைப் போல ஆகிவிடுவாய். எல்லாவற்றுக்கும் ஏன், ஏன். மகாவீர் ஜெயந்திக்கு லீவு விடுகிறவர்கள் பொங்கலுக்கு ஏன் விடுவதில்லை? நாம் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மும்பையில் மணி அடித்து வியாபாரம் நடக்குமே, அவர்களுக்கு வாசனை வராதா? சில வருஷம் நமக்குத் தீபாவளி முடிந்த மறுநாள்தான் அவர்களுக்குத் தீபாவளி. அன்றைக்கும் சந்தையை மூடிவிட்டு, நல்ல நேரம் பார்த்து ஒரே ஒரு மணி நேரம் திறப்பார்கள். "லீவு விட்டுட்டு கடையத் திறக்கறவங்கள இப்பதாம்பா பாக்கறேன்" என்று நான் சொன்னதற்கு, "எங்கப்பாவப் பாத்ததில்ல நீ" என்றாய்.

உன் அப்பாவின் செருப்புக் கடையை வைத்துத்தான் நமக்கு அடுத்த பாடம் கிடைத்தது. சித்ரா பௌர்ணமி அன்று. மறுநாள் சந்தைக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கே என் பங்குகளில் கொஞ்சம் விற்றாக வேண்டும். வீட்டில் போர்வெல் போடுகிறவருக்கு முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்தேன். விற்பதற்குக் கைபேசிக்கு ஓடிபி வர வேண்டுமே, அது வரவேயில்லை. கிரிவலத்துக்கு ஊருக்குள் வந்திருந்த அத்தனை லட்சம் பேரும் ஆளுக்கொரு போனோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே நம் வேங்கிக்கால் வரைக்கும் சிக்னல் செத்துக் கிடந்தது. மொட்டை மாடிச் சூட்டில் வெறுங்காலோடு நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். சந்தை மூடிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது ஓடிபி எல்லாம் மொத்தமாக வந்து கொட்டின.

"மும்பை லீவையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டோம். அண்ணாமலையார மறந்துட்டோம்" என்றாய் நீ. உன் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டு அசந்து போனார். "பௌர்ணமியன்னைக்கு போன்ல யாராச்சும் வேலை வெச்சுப்பாங்களாம்மா? எனக்குச் சரக்கு சொல்றதுக்கே லைன் கிடைக்காது. கோயில் வாசல்ல செருப்பத் தொலைச்சவன் எல்லாம் நம்ம கடைக்குத்தான் வரான். உங்களுக்கு அது சாமி, எனக்கு அது சீசன்." அன்றிலிருந்து காலண்டரில் கறுப்புப் பொட்டும் சேர்ந்தது. மும்பைக்கு வேலை நாள், நமக்குப் போன் இல்லாத நாள்.

பிறகு ஒருநாள் நீயே கண்டுபிடித்தாய். ஹோலி பௌர்ணமியை ஒட்டி வருகிறது, குருநானக் ஜெயந்தி பௌர்ணமியிலேயே வருகிறது. பக்ரீத்துக்கு நாலைந்து நாள் கழித்து எப்படியும் ஒரு கிரிவலம். "உங்களுக்கு முழு நிலா, எங்களுக்கு ஓரத்து நிலா. ரெண்டையும் பாத்துத்தான் கடை சாத்தறாங்க" என்று சொல்லிவிட்டு வெகு நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவின் மாறுகண் உனக்குத் தெரியும். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம், ஆகவில்லை. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். பக்ரீத் முடிந்து வருகிற திங்கட்கிழமை. காலையில் பணம் கட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தவறினால் அடுத்த தேதி, பள்ளிக்கூடம் திறந்து வெகு நாள் ஆன பிறகுதான். எல்கேஜியில் முதல் நாளே பிள்ளைகள் அவள் கண்ணைப் பார்த்து என்ன பெயர் வைக்கும் என்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பணம் முழுக்க அவளுக்காக நாம் வாங்கிப் போட்ட பங்குகளில்தான் இருக்கிறது. விலை இப்போது கம்மி. அதனால் முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். புதன்கிழமை விடுமுறை. வியாழன் விற்றால் வெள்ளிக்கிழமை பணம் சந்தைக் கணக்குக்கு வரும், உடனே கேட்டால் திங்கள் காலைக்குள் வங்கிக்கு வந்துவிடும். பாப்பாவின் அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பேங்க் எஃப்டில போட்டிருந்தா ஒரு பட்டன அமுக்குனா பணம். உனக்குன்னா நிலா வந்து சிபாரிசு பண்ணணும்" என்றார். நிலா எங்கே வந்தது என்று அவரிடம் சண்டை போட்டேன். பாப்பா நெற்றியில் அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. பச்சை என்றால் மாறக்கூடியது. பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே பிறை பார்த்துவிடுவார்கள், இன்றைக்குத்தான் அந்த நாள்.

பிறை பார்க்கிற அன்று உன்னிடமிருந்து ஒரு வரி வரும். 'தெரிஞ்சுடுச்சு.' அல்லது 'தெரியல, தள்ளுது.' அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் நானாக அண்ணாந்து பார்க்க வேண்டி வந்ததில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் போனபிறகு, இன்றைக்குத்தான் முதல் முறையாக உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அம்மா, பிறை தெரிஞ்சுதுங்களா?"

"தெரியலையாம் கண்ணு. மேகமா இருந்துச்சு. பண்டிகை வியாழக்கிழமைதான்." பிறகு, "ஷேருக்காம்மா கேக்கற?" என்றார்கள்.

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "எல்லாரும் பிறையப் பாத்து துவா கேப்பாங்க. இவ போன எடுத்து உனக்கு மெசேஜ் அடிப்பா. எத்தனை திட்டு வாங்கியிருக்கா தெரியுமா?" என்றார்கள். பாப்பாவின் ஆபரேஷனைச் சொன்னேன். "இனிமே நான் சொல்றேன் உனக்கு. அவளுக்கும் சேத்து துவா செய்றேன், போய்ப் படு" என்றார்கள்.

வியாழனை நம்பிப் புதனை விட்டுவிட்டு, கடைசியில் வியாழன் விடுமுறை என்றால் வெள்ளிதான் விற்க முடியும். சனி, ஞாயிறு போய்விடும். திங்கட்கிழமை மருத்துவமனை வாசலில் நான் வெறுங்கையோடு நிற்பேன். அன்றைக்குப் பௌர்ணமி வேறு, கறுப்புப் பொட்டு; ஊரில் யாரிடமாவது கடன் கேட்கலாம் என்றாலும் லைன் கிடைக்காது.

சந்தைக்காரர்கள் இன்னும் ஒன்றும் அறிவிக்கவில்லை. மும்பையில் பிறை தெரிந்திருந்தால் அங்கே புதன்கிழமையே பண்டிகையாக இருக்கலாம். அவ்வளவு உயரக் கட்டடங்களுக்கு நடுவில் அவர்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள்? கடற்கரையிலா? நாம் பேசிப் பேசி முடிக்காமல் விட்ட கேள்வி அது. மும்பைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாய் நீ.

முன்பு ஒரு முறை இதே மாதிரி குழம்பி நின்றபோது, "பிறை விஷயத்துல ரெண்டு நாளும் லீவுனு நெனச்சுக்கடி. அதுக்கு முன்னாடியே வேலைய முடி. வித்த பிறகு வெலையப் பாக்காத" என்றாய். நீ சொன்னதில் எனக்கு உருப்படியாக நினைவிருப்பது இதுதான், தினமும் எதிலாவது உதவுகிறது. மருந்து வாங்குவதிலும், பஸ் பிடிப்பதிலும்கூட.

பாப்பா நெற்றியிலிருந்து பொட்டைத் திரும்ப எடுக்கவில்லை. அட்டையிலிருந்து புதிதாக இரண்டு பச்சை உரித்து, புதனுக்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று ஒட்டிவிட்டேன். நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன், கம்மி விலைக்கே. பிறகு விலையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, பார்ப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பிறை முதல் நாளே தெரிகிறதா, இல்லை அங்கேயும் மேகம்தானா? சந்தை ஒன்பதேகாலுக்குத் திறந்துவிடும். அதற்குள் பதில் போடு.