இருபது மெகாஹெர்ட்ஸ் கையெழுத்து

ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும் என் மனைவிக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் முழுசாகப் பேச முடியாததால் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டவர்க்காரன் பெண்டாட்டிக்குக் கடுதாசியா என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது. மகளுக்கு இருமல் விட்டது. சடை பின்ன மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.

டவுனுக்கும் உங்கள் குவாரிப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே டவர். அதன் சேனல் அகலத்தை முடிவு செய்வது என் வேலை. இருபது மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் டவுனில் வீடியோ பறக்கும். ஆனால் டவரின் பவர் அதேதான். ஒரே உருண்டை மாவைப் பெரிதாகத் தேய்த்தால் மெலிந்துவிடுவது போல, தொலைவில் சிக்னல் மெலிந்துவிடும். பத்து கொடுத்தால் டவுனில் வேகம் பாதியாகும், உங்கள் வரை பேச்சு அறுபடாமல் வரும்.

நான் இருபதில் கையெழுத்துப் போட்டேன். உன் ஆஸ்பத்திரி வாசலில் சோதனை வேன் நின்றபோது எல்லாம் பச்சையாகத்தான் காட்டியது. ஆன்டெனா இருந்தது வேன் கூரைமேல். நீ இருப்பதோ கருங்கல் சுவருக்குள். எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற முட்டாள்தனம். போன வாரம் பிரசவ வலியில் துடித்தவளை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட நீ சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டி வரை ஓடினாயாமே. ஓட்டுநர்தான் சொன்னார்.

உடனே பத்தாக்கச் சொல்லி மேனேஜரிடம் போனேன். "பொண்டாட்டிக்காக டவுனையே படுக்க வைக்கப் பாக்கறியா?" என்றார். எனக்குக் குழம்பிவிட்டது. மாற்றினால் அது நியாயமா, பாசமா? அதை விடு, முதலில் இருபது போட்டது கணக்குப் பார்த்தா, இல்லை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போன கோபத்திலா? சத்தியமாகத் தெரியவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிறு பகல் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் பத்தில் ஓட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன். வார்டுக்குள் நின்றே கூப்பிடு. பேச்சு அறுபடவில்லை என்றால் அதையே காட்டி மேலிடத்துக்கு எழுதுவேன், யார் என்ன சொன்னாலும் சரி.

திட்டுவதற்காகவாவது கூப்பிடு. இந்த மூன்று மாதமும் நம் பேச்சு பாதியில் போனபோதெல்லாம் சிக்னல்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பேச்சு பாதியில் போனால், போனை வைத்தது நீதான் என்று தெரிந்துவிடும்.

வைத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்