கௌரிக்கு வந்த அடைப்பான்

அன்புள்ள அப்பாவுக்கு, பாத்திமாவின் தோத்திரம். இருமல் தேவலையா?

போனில் சொன்னால் அம்மா பயப்படுவாள் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் மிருகக்காட்சிசாலைப் புலி கௌரி செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டது. மூக்கில் கசிந்த ரத்தம் உறையவே இல்லை. அறுத்தால் நோய் பரவிவிடும் என்று உடலை அறுக்க விடாமல், காதில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்தேன். நம் ஊரில் மாட்டுக்கு வருமே, அந்த அடைப்பான்தான்; இங்கே ஆந்த்ராக்ஸ் என்கிறார்கள். தின்ற இறைச்சியில் வந்திருக்க வேண்டும். எனக்கும் மாத்திரை தந்திருக்கிறார்கள், சும்மா முன்னெச்சரிக்கைக்கு.

விராலிமலை ஆஸ்பத்திரியில் நம் மாடுகளுக்கு ஊசி போட்டீர்களா? அம்மாவிடம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள்.

இங்குள்ள மற்ற மிருக டாக்டர்கள் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லாருக்கியா"ன்னு கேட்டுட்டு ஒடனே வச்சிராதீங்கப்பா. "இங்கிட்டு வாடி" என்றால் எழுந்து வருவாள் கௌரி. இந்த ஊரில் நான் தமிழ் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பாத்திமா