முழு வட்டம்

12.3.1996, செவ்வாய்

காலை பத்து மணிக்குச் சூரியனைச் சுற்றி ஒளிவட்டம். அவசரப்பட்டு, வானம் பார்த்து எனக்குக் குறிப்பு தரும் ஆறு பேருக்கும் போன் போட்டு, "முழு வட்டம், பாருங்க" என்று உளறிவிட்டேன். பார்த்ததை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பது நானே போட்ட விதி.

மாலையில் விசாரித்தேன். ஐந்து பேர் முழு வட்டம் என்றார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் காசிம் பாய் மட்டும், "கீழ்ப்பாதிதான் சார் தெரிஞ்சுது. மேல ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு இன்னா தெரிஞ்சுது?" என்றார்.

"முழுசாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப என் கண்ணுதான் சரியில்ல. முழுசுன்னே எழுதிக்கோங்க சார்."

காலையில் என் ஜன்னலில் வட்டத்தின் மேல்பாதியை சன்ஷேடு மறைத்திருந்தது. மாடியேறிப் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில், என்னையும் சேர்த்து, ஆறு முழு வட்டங்கள். பாயின் வரி மட்டும் இன்னும் காலி.