பூட்டிய கதவுக்குள் ரைட்டு

என் விரலைப் பிடித்துப் பள்ளிக்கூடம் வந்த ஆவுடைத் தம்பிக்கு,

தையற்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசை வீடுகள் கொண்ட நம் வளவுக்கும் இந்தக் கடைக்கும் நடுவே ஒரு சந்துதான். உன் நாய் ரைட்டு வீட்டுக்குள் தனியாக இருக்கிறான். பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். கடைக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆகும்வரை திரும்பிப் போகக் கூடாது. தாளை மடியில் வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நீ போய் முப்பத்தைந்து நாளாகிறது. பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பும்வரை ரைட்டு சும்மாதான் கிடந்தான். மறுநாள் நான் காய் வாங்கப் போய்விட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பினால், வளவே நம் வாசலில் நிற்கிறது. அவன் போட்ட ஊளை தெருமுனை வரை கேட்டதாம். கதவின் அடியில் நகக் கீறல், ரத்தம். ஒரு நகம் பிய்ந்து தொங்கியது.

நாய் ஊளையிட்டால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? எமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"டீச்சர், வயித்துப் பிள்ளைக்காரி இருக்கா. இத எங்கனயாவது கொண்டு விட்டுருங்க."

"எங்கன கொண்டு விட, பேச்சி?"

"திருவேங்கடத்துப் பக்கம் எங்க அண்ணாச்சி காட்டுல கெட்டிப் போட்டா கெடக்கும். இல்லேன்னா முனிசிபாலிட்டி வண்டி வரும்லா. மூணு வெள்ளி பாப்பேன். அதுக்கு மேல என்னைச் சொல்லக் கூடாது."

நாளைதான் மூன்றாவது வெள்ளி.

அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்து நாம் பார்த்ததுண்டா? காட்டில் கட்டினால் கயிற்றை இழுத்து இழுத்தே கழுத்தை அறுத்துக்கொள்வான். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அந்த ஊளை எனக்காகத்தானோ என்றும் பயந்தேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பேயில்லை, பிசாசில்லை என்று சொல்லிக்கொடுத்தவள், விளக்கை அணைக்கவே பயந்தேன்.

பேச்சி கெட்டவள் இல்லை. அம்மன் கோயில் புற்றுமண்ணை அவளே பொட்டலமாகக் கொண்டுவந்தாள். "வெளிய போகும்போதெல்லாம் நாய் நெத்தியில பூசிட்டுப் போங்க. பயம் தெளிஞ்சிரும்" என்றாள். நானும் தவறாமல் பூசினேன். மடியில் இழுத்துவைத்து, பூசி, "அக்கா இந்தா வந்துருவேன், அழக் கூடாது ராசா" என்று பத்துத் தடவை சொல்லி, வாசல் வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து மறுபடி தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்புவேன்.

நாலாம் நாள் பொட்டலத்தைக் கையில் எடுத்ததுமே அவன் நடுங்கினான். கட்டிலுக்கு அடியில் புகுந்து, இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்தான். அம்மன் மண்ணைக் கண்டா பயப்படுகிறான்? இவனை ஏதாவது பிடித்திருக்கிறதோ என்று நினைத்தேன். பேச்சியிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அன்றைக்கே வண்டி வந்திருக்கும்.

அப்புறம்தான் என் ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு தாய் பிள்ளையை விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைப்பாள். ரெண்டடி போவாள், திரும்பி வந்து முத்தம் கொடுப்பாள். அந்தப் பிள்ளை மத்தியானம் வரை அழும். "மணியடிச்சதும் வாரேம்லே" என்று சொல்லிவிட்டு நடக்கிறவளின் பிள்ளை அஞ்சு நிமிஷத்தில் சிலேட்டை எடுத்துவிடும். "நீங்களே அழுதா, ஏதோ ஆபத்துன்னுல்லா அவன் நெனைப்பான்" என்று எத்தனை தாய்மாரை விரட்டியிருக்கிறேன்! அதை என் வீட்டு வாசலில் மறந்துபோனேன். அவனுக்கு மண்ணைக் கண்டு பயமில்லை. மண் பூசினால் நான் போய்விடுவேன், அதுதான் பயம்.

போனவர்கள் வர மாட்டார்கள் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, கூட்டத்தில் மிதிபடுவான் என்று பின்னறையில் போட்டுப் பூட்டினேன். திறந்தபோது நீ இல்லை. பிறகு பூட்டுச் சத்தத்தை அவன் எப்படி நம்புவான்?

மறுநாள் மண்ணைப் பூசிவிட்டு எங்கும் போகாமல் அரிசி புடைத்தேன். சாவியை எடுத்தேன், குலுக்கினேன், ஆணியிலேயே மாட்டினேன். இப்படியே நாளெல்லாம். நடுக்கம் நின்ற பிறகு, கொஞ்சாமல் கொள்ளாமல் வெளியே போய்ப் பூட்டி, இரண்டாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லி முடித்ததும் திறந்தேன். அவன் முனகத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். அப்புறம் மூன்றாம் வாய்ப்பாடு, நான்காம் வாய்ப்பாடு. ஒருநாள் அவசரப்பட்டு ஏழிலிருந்து பதினாறுக்குத் தாவினேன். ஊளை! அவனைத் திட்டவில்லை. பயந்த பிள்ளையை அடித்தால் பயம் போகுமா? மூன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். காலையில் நன்றாக நடத்திக் கூட்டிவருவேன். பழைய சோற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் அமுக்கிவைத்தால் நக்கி எடுக்கவே வெகுநேரம் ஆகும். துவைக்காத உன் காக்கிச் சட்டையையும் அவன் படுக்கும் சாக்கில் விரித்தேன்.

"என்ன டீச்சர், சொந்த வீட்டு வாசல்ல நின்னு மந்திரம் போடுதீய?"

"வாய்ப்பாடு சொல்லுதேன் பேச்சி."

"நாய்க்கா?"

"எனக்குத்தான்."

சிரித்தாள். அந்தத் தைரியத்தில்தான் வாயைக் கொடுத்தேன். "வியாழக்கிழமை ஒரு மணி நேரம் வெளிய இருப்பேன். நீ காது குடுத்துக் கேளு. ஒரு ஊளை கேட்டாலும் நானே கொண்டு விட்டுருதேன்."

அந்த ஒரு மணி நேரம்தான் இது. நாற்பது நிமிஷம் போயிருக்கிறது.

ஐயோ, தம்பி. நீ கண்டக்டராகப் போன புளியங்குடி பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. நீ 'ரைட்' என்று விசில் கொடுத்ததும் பின்னால் ஓடிவந்த குட்டிதானே இவன்? அந்த ஹாரனுக்குத்தானே தினமும் வாசலில் நிற்பான்? இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்?

குரைக்கிறான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

இப்போது சத்தமில்லை. அதுவும் பயமாக இருக்கிறது. கதவில் முட்டிக்கொண்டானோ? எழுந்து ஓடிவிடலாமா? பேச்சி சந்துக்குள் வருகிறாள்.

"ஊளையா, பேச்சி?" என்றேன்.

"இல்ல டீச்சர். சத்தத்தையே காணமேன்னு பயந்து சன்னல் வழியா பாத்தேன். அந்தச் சட்டை மேல தலைய வச்சுத் தூங்குது. எம் மவ என்னையப் பாத்து, 'நாய எழுப்பிராதம்மா, மெல்லப் பேசு'ங்கா."

இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. இருந்து முடித்துவிட்டே போகிறேன். பயம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அவனுக்கும் தீரவில்லை, எனக்கும் தீரவில்லை. ஆனால் நான் பூட்டும் ஒவ்வொரு தடவையும் நானே வந்து திறப்பேன். என் காலம் முடிவதற்குள் எனக்குப் பின் அவன் பயமில்லாமல் தூங்க இன்னொரு வீட்டையும் பார்த்து வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சாவியும் கையுமாக,
உன் பெரியக்கா