இடது தூண்மேல் தப்பில்லை

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மா நலம். நானும் நலம் என்று வழக்கம்போல எழுதப் போய்க் கை பாதியில் நின்றுவிட்டது, அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். பயப்படாதே, எழுந்து நடமாடுகிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவோடு சண்டைகூடப் போடுகிறேன். ஆனால் பத்து நாளைக்கு முன்னால் எனக்கு விழுந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. போனில் சொன்னால் நான் வேடிக்கை பேசி மழுப்பிவிடுவேன், அம்மா நடுவில் போனைப் பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

போன தடவை வந்தபோது என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாயே, நம் கொரியக் கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற பக்கம், அதில் நான் எப்படி ஊறிப்போனேன் என்று உனக்குத் தெரியாது. பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கண்ணாடியில் கீறலும் குமிழும் பார்த்துத் தள்ளியவன் என்பதால் ‘கண்ணாடிக்காரர்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். கம்பெனியின் கதையை அங்கே எழுதியதே நான்தான். சைக்கிளுக்குக் குழாய் வளைத்துக் கொடுத்தவர்கள், அப்புறம் முழு சைக்கிள், அப்புறம் மூன்று சக்கர லாரி, அப்புறம்தான் கார், நடுவில் கடன் கழுத்தை நெரித்துத் திவாலாகிப் போட்டிக் கம்பெனியே வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது, இதையெல்லாம் ஒரு குடும்பக் கதை மாதிரி எழுதினேன், இருநூறு பேர் கைதட்டினார்கள். ஆளாளுக்கு அபிப்பிராயம் வேறு. ஒருத்தர் கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் என்பார், ஒருத்தர் பின்சீட்டில் உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கிறது என்பார், ஒரு டீச்சரம்மா எஞ்சின் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் ஓடும் என்பார். யார் குறை சொன்னாலும் நான் கம்பெனிக்காக வக்காலத்து வாங்குவேன். அம்மா கேட்டுவிட்டு, “உங்களைப் பெத்ததே அந்தக் கம்பெனிதானோ” என்பாள்.

அந்த நான்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனியைத் திட்டி முதல்தடவையாக எழுதினேன். உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா பல் டாக்டரிடம் போயிருந்தாள், நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பல்பு வாங்கப் போனேன். நம் தெரு முனையில், இஸ்திரிக் கடைக்கு எதிரில், இடது பக்கச் சந்திலிருந்து நம் தபால்காரம்மா சைக்கிளில் வந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டமார் சத்தமும் ரோடு முழுக்கக் கடிதங்களும்தான். அவள் வந்ததையே நான் பார்க்கவில்லை சின்னு. வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது, தலை தப்பித்தது. ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். போலீஸ்காரர் கேட்டபோதும் தெருவில் கேட்டபோதும் ஒரே பதில்தான் சொன்னேன், முன்கண்ணாடிக்கு இடது ஓரத்தில் நிற்கிற தூண் தடிமன் அதிகம், அதுதான் மறைத்துவிட்டது என்று. பொய் சொல்கிறோம் என்று துளிகூட எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நெஞ்சார நம்பினேன். அன்றைக்கே போனில் அந்தப் பக்கத்தில் நீளமாக எழுதினேன், பதினாலு வருஷம் உங்களை நம்பினேன், இப்படி ஒரு தூணை வைத்து ஆளைக் கொல்லப் பார்த்தீர்களே என்று. நாற்பது பேர் எனக்கும் அப்படித்தான் என்று சேர்ந்துகொண்டார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் ‘பக்கத்துசீட்டு’. “எங்கள் வீட்டிலும் அதே வண்டி, அதே வருஷம். அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே பதினாலு வருஷமாக உட்கார்ந்து வருகிறேன். நாலு விரல் அகலம். அதில் ஒரு சைக்கிள் ஒளிய முடியாது. ஐயா தயவுசெய்து ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்” என்று எழுதியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அறிமுகமில்லாத ஆள், மரியாதையாகத்தானே பேச வேண்டும், அதனால் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக வாதாடினேன். அந்த ஆளும் விடவில்லை. கம்பெனியின் கதை தெரிந்த ஆள், வண்டியின் நுணுக்கம் தெரிந்த ஆள், தமிழும் நல்ல தமிழ். தினம் காலையில் டீ குடிக்கும்போது அதை நான் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன், பார் இந்த அதிகப்பிரசங்கியை என்று. அம்மா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, “யாரோ விவரமான ஆளா இருப்பாங்க போல, சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்” என்பாள். உன் அம்மா நூலகத்தில் இருபத்தாறு வருஷம் அட்டவணை எழுதியவள், முகத்தில் ஒன்றையும் காட்டமாட்டாள் என்பது உனக்குத்தான் தெரியுமே.

இதற்கு நடுவில் அம்மாவின் இருமல் வேறு. ஒரு வருஷமாகவே இருந்தது, வீட்டில் இருக்காது, வண்டியில் ஏறினால் வந்துவிடும். ஏசியில் தூசி என்று நினைத்து நான் ஃபில்டர் மாற்றினேன், சீட் உறையைத் துவைத்துப் போட்டேன், நெஞ்சுப் படம் எடுக்க வைத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டம்மா நுரையீரல் உங்களதைவிட நல்லா இருக்கு” என்றார். திரும்பி வருகிற வழியிலேயே அம்மா நாலு தடவை இருமினாள்.

போன மாதக் கடைசியில் அந்தப் பக்கத்துசீட்டு ஒரு நீளமான கருத்துப் போட்டிருந்தது. வண்டியைப் பற்றி உரிமையாளரின் அபிப்பிராயம் என்று தலைப்பு. மைலேஜ் நன்று, பிரேக் நன்று, முன்னால் சாமான் வைக்கிற பெட்டியின் மூடி மட்டும் ஆறு வருஷமாக நிற்காமல் தொங்குகிறது, என் மகளின் பழைய சிவப்பு முடிக் கிளிப்பை மாட்டி வைத்திருக்கிறோம் என்று இருந்தது. படித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய் வண்டிக் கதவைத் திறந்தேன். உன் சிவப்புக் கிளிப் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அம்மாவின் சீட்டிலேயே உட்கார்ந்து மீதியைப் படித்தேன். அதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. “இந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் தெரியவில்லை. வீட்டில் மூன்று தடவை சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கீறல் பார்த்த கண்ணிடம் பேசுகிறாயா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அதனால் இடது பக்கம் யாராவது வந்தால் நான் இருமுவேன். இருமினால் என் பக்கம் திரும்புவார், திரும்பினால் வருகிறவர்களைப் பார்த்துவிடுவார். ஒரு நாள் நான் கூடப் போகவில்லை. அன்றைக்கு ஒரு பெண்ணின் கை முறிந்தது.”

ஒரு வருஷமாக என் பெண்டாட்டி எனக்கு ஹாரனாக இருந்திருக்கிறாள், நான் அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே போய் போனை அவள் முன்னால் வைத்தேன். சத்தம் போடத்தான் போனேன். ஊரே படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று மட்டும் கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள், “எதிர உட்கார்ந்து சொன்னா சண்டை. அங்க எழுதினா நீங்க நன்றி போட்டுப் பதில் எழுதறீங்க. ரெண்டு மாசமா என் பேச்சை நீங்க முழுசாக் கேட்டது அங்கதான்.” சரி, இவ்வளவு பயம் இருந்தால் அந்த வண்டியில் ஏன் ஏறினாய் என்று கேட்டேன். “நான் ஏறலைன்னா யாரு இருமறது?” என்றாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் மோவாயை வைக்கச் சொல்லி, நேரே மட்டும் பாருங்கள், எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று கையில் கொடுத்தார்கள். நானும் காத்திருந்தேன், ஒன்றிரண்டு புள்ளி வந்தது, அழுத்தினேன், அப்புறம் ஒன்றையும் காணோம். மெஷின் மக்கர் செய்கிறது என்று நினைத்து, ஏம்மா நின்றுபோய்விட்டதே என்று கேட்டேன். மெஷினை இயக்கிய நர்ஸ் பெண், “ஓடிட்டுத்தான் இருக்கு சார். இதுவரைக்கும் நாப்பது புள்ளிக்கு மேல வந்துபோச்சு” என்றாள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம், இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரம் போய்விட்டது. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எனக்கு ஒன்றும் இருட்டாகத் தெரியவில்லையே என்று வாதாடினேன். “இருட்டாத் தெரிஞ்சா எல்லாரும் அன்னைக்கே ஓடி வந்துடுவாங்களே. இல்லாத இடத்தை மூளை தானா இட்டு நிரப்பிடும். நீங்க பார்த்த காலி ரோடு ரோடே இல்ல” என்றார். வண்டி ஓட்டக்கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிவிட்டார்.

அங்கிருந்து நேராகத் தபால்காரம்மா வீட்டுக்குத்தான் போனேன். அம்மா நானும் வருகிறேன் என்றாள், வேண்டாம், இது நான் சொல்ல வேண்டியது என்று அவளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுப் போனேன். தூண்மேல் தப்பில்லை, காரின் மேல் தப்பில்லை, எனக்குத்தான் கண் தெரியவில்லை, தெரியாததும் தெரியவில்லை, சொன்னவளின் பேச்சையும் கேட்கவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம், “நான் மணி அடிச்சேன் சார், ரெண்டு தடவை. நீங்க நேராப் பார்த்துக்கிட்டே வந்தீங்க. வேணும்னே ஏத்தறாரோன்னுகூட நினைச்சேன். அதை வெளிய சொல்லல, ஆனா அன்னையிலருந்து சரியாத் தூங்கல” என்றாள். கேட்டாயா, என் பொய் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று. போலீஸ் ஸ்டேஷனிலும் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன், லைசென்ஸையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். கார்க்காரர்கள் கூடுகிற அந்தப் பக்கத்திலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கூடச் சேர்ந்து கம்பெனியைத் திட்டிய நாற்பது பேரில் பதினோரு பேர் கண்ணைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள், அதில் ஒரு லாரி டிரைவருக்கு ஆரம்பக் கட்டம், நல்ல நேரத்தில் பிடித்தார்களாம். அம்மா இப்போது டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற பெண்ணை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள், நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு வருகிறேன், அது ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. டாக்டர் சீட்டை நீட்டும்போது, “பிள்ளைங்க இருந்தா உடனே பார்க்கச் சொல்லுங்க, இது ரத்தத்துல வரும், வயசு பார்க்காது” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே என்ன சொன்னாய்? புது வண்டி மட்டம்ப்பா, பார்க்கிங் கம்பம் எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல, கதவுல கோடு விழுந்துடுச்சு என்றாய். நானும் சிரித்து, கம்பம் என்ன நடந்தா வந்தது என்று கேட்டேன். கம்பத்தில் யார் வேண்டுமானாலும் உரசுவார்கள், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டு, அந்தக் கிண்ண மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கு, வெறும் எழுத்துப் படிக்க வைத்து அனுப்பினால் வந்துவிடாதே. அதுவரை மாப்பிள்ளை ஓட்டட்டும், இல்லையென்றால் பஸ்ஸில் போ. உன் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த வழியைப் பத்து நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்து திருப்பம். ஐந்திலும் பேத்தி பின்சீட்டில் பாடிக்கொண்டு வருகிறாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடும் கண் நிறைந்த வெளிச்சத்தோடும் இருக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். முடிவு எதுவானாலும் மறைக்காமல் அம்மாவிடம் முதலில் சொல்.

உன் வரவுக்கும் வார்த்தைக்கும் காத்திருக்கும்,
அப்பா